இந்தியா 4, இலங்கை 2: இடைநிலைக் கல்விச் செலவை இப்படி ஒப்பிடலாமா?

ஓலைக்குடா_வாசகர் (கேள்வி)

வணக்கம். தங்கச்சிமடத்தில் பிளஸ் டூ மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடத்தும் கலந்துரையாடலுக்கு இந்த வாரத் தலைப்பு: "இடைநிலைக் கல்விக்கு அதிகம் செலவழிக்கும் அரசு இந்தக் கரையிலா, அந்தக் கரையிலா?" தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர்தான் என்பதால் பிள்ளைகளுக்கு ஆர்வம் அதிகம். மண்டபம் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வரும் மாணவர்களும் பேசுகிறார்கள்.

இணையத்தில் கிடைப்பது ஒரே ஒரு வரி. இந்தியா மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 சதவீதத்துக்கு மேல் கல்விக்குச் செலவழிக்கிறது, இலங்கை 2 சதவீதத்தை ஒட்டி. அப்படியானால் நாம் இரண்டு மடங்கு செலவழிக்கிறோம் என்று எழுதிவிடலாமா? என் சந்தேகங்கள் மூன்று. 6 முதல் 12 வகுப்பு வரைக்கான பணத்தை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது? எதை எதால் வகுப்பது? இலங்கை ரூபாயை நம் ரூபாயாக மாற்றும்போது எந்த ஆண்டின் மதிப்பை எடுப்பது?

கணக்குத்தாள்_தேவிபட்டினம்

அந்த வரியை அப்படியே எழுதாதீர்கள். அந்த 4-ம் 2-ம் ஒரே பொருளை அளக்கவில்லை.

முதலில் இந்தியாவின் 4. கல்வி அமைச்சகத்தின் தொகுப்பில் மத்திய, மாநிலக் கல்வித் துறைகளின் செலவோடு, மற்ற துறைகள் கல்விக்கும் பயிற்சிக்கும் செலவழிப்பதும் சேர்கிறது. அப்படிச் சேர்த்தால்தான் 4-ஐத் தாண்டும். அதே இந்தியாவுக்குப் பொருளாதார ஆய்வறிக்கை சில ஆண்டுகளாகக் காட்டுவது 3 சதவீதத்துக்கும் சற்றுக் கீழே. இரண்டுமே அரசு ஆவணங்கள்தான், எல்லைக்கோடு மட்டும் வேறு. ஒருவர் முதல் எண்ணையும் இன்னொருவர் இரண்டாவது எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு மோதினால் விவாதம் ஊருக்குப் போய்ச் சேராது.

அடுத்தது, 140 கோடி மக்கள் உள்ள நாட்டை 2.2 கோடி மக்கள் உள்ள நாட்டோடு ஏன் வைக்க வேண்டும்? ராமநாதபுரம் மாவட்டத்துப் பிள்ளையின் ஆசிரியருக்குச் சம்பளம் போடுவது பெரும்பாலும் தமிழ்நாடு அரசு. எனவே தமிழ்நாட்டையும் இலங்கையையும் வையுங்கள். டாலர் கணக்கில் 2023 வாக்கில் இரண்டின் தனிநபர் உற்பத்தியும் 4,000-ஐ ஒட்டியே இருக்கிறது, அதனால் ஒப்பீடும் நியாயமாக இருக்கும்.

தமிழ்நாட்டின் 2023–24 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்வித் துறைக்கு ஒதுக்கியது 40,299 கோடி ரூபாய். அந்த ஆண்டு மாநில உற்பத்தி சுமார் 27 லட்சம் கோடி. வகுத்தால் 1.5 சதவீதம். கவனியுங்கள்: இதில் கல்லூரி இல்லை, சத்துணவு இல்லை. இலங்கையின் 2-ல் பல்கலைக்கழகமும் உண்டு. இதற்குப் பிறகும் "இரண்டு மடங்கு" என்று சொல்ல முடியுமா?

ஒரு துணைச் செய்தி. 6 சதவீதம் என்ற கோரிக்கை இரண்டு கரையிலும் ஒன்றுதான். இங்கே 1964–66 கோத்தாரி குழு சொன்னது, 2020 தேசியக் கல்விக் கொள்கையும் திரும்பச் சொல்கிறது. அங்கே 2012-ல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த முழக்கமும் இதே 6. இரண்டு அரசும் இதுவரை அதைத் தொடவில்லை. இது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டிய செய்தி.

உப்பளக்காற்று_வாலிநோக்கம்

பணத்தைப் பிரித்தெடுக்கும் வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள்.

"இடைநிலை" என்ற சொல்லே முதல் பொறி. தமிழ்நாட்டில் இடைநிலை ஆசிரியர் என்றால் 1 முதல் 5 வரை பாடம் நடத்துபவர். 6 முதல் 10 வரை பட்டதாரி ஆசிரியர், 11, 12-க்கு முதுகலை ஆசிரியர். இலங்கையில் இடைநிலை என்பது தரம் 6-ல் தொடங்குகிறது. பள்ளிக் கல்வித் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பில் "இடைநிலை" என்று தேடி, வந்த பணியிடங்களை எல்லாம் கூட்டிவிட்டால் தொடக்கப் பள்ளிச் சம்பளத்தைத்தான் கூட்டியிருப்பீர்கள். யுனெஸ்கோ கணக்கில் இந்தியாவுக்கு 6–8 கீழ் இடைநிலை, 9–12 மேல் இடைநிலை, ஆக 7 ஆண்டு. இலங்கைக்கு 6–9, 10–13, ஆக 8 ஆண்டு. அந்த ஓராண்டு வித்தியாசத்தைத் தாளின் தலையிலேயே எழுதிவையுங்கள்.

இனி நிதிநிலைப் புத்தகம். தமிழ்நாட்டில் பள்ளிக் கல்விக்கு மானியக் கோரிக்கை எண் 43. உள்ளே 2202 என்ற பெருந்தலைப்பு பொதுக் கல்வி. அதற்குக் கீழே 01 தொடக்கக் கல்வி, 02 இடைநிலைக் கல்வி. நீங்கள் தேடும் வரிகள் 02-க்குள் 109, 110 என்ற சிறு தலைப்புகள். 109 அரசுப் பள்ளிகள், 110 அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கான மானியம். கட்டடம் போன்ற மூலதனச் செலவுக்கு 4202 தனி. புத்தகத்தில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே கணக்கு, மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, அடுத்த ஆண்டு மதிப்பீடு என்று கட்டங்கள் இருக்கும். நடந்து முடிந்த செலவு "கணக்கு" கட்டத்தில் மட்டும்தான், அதுவும் இரண்டு ஆண்டு பின்தங்கி வரும். 2025–26 புத்தகத்தில் 2023–24-க்கான உண்மைச் செலவு கிடைக்கும். இந்தப் பக்கம் மதிப்பீட்டையும் அந்தப் பக்கம் உண்மைச் செலவையும் வைப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை.

02-ஐ எடுத்தாலும் வேலை முடியாது. நடுநிலைப் பள்ளியில் 6, 7, 8 வகுப்புகள் உண்டு, அந்தச் செலவு 01-ல் கிடக்கிறது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் அதே 6, 7, 8-ஐ நடத்தும் பட்டதாரி ஆசிரியரே 9, 10-க்கும் போகிறார், சம்பளம் ஒரே பட்டியலில். இதைப் பிரிக்க ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் கால அட்டவணையே போதும். ஒரு கணித ஆசிரியருக்கு வாரம் 28 பாடவேளை என்று வைத்துக்கொள்வோம். அதில் 12 பாடவேளை 6–8 வகுப்புகளுக்கு, 16 பாடவேளை 9–10-க்கு. சம்பளத்தில் 16/28, அதாவது 57 சதவீதம் 9–10 கணக்கில் போகும். நாலைந்து பள்ளிகளின் அட்டவணையை இப்படி எண்ணினால் ஒரு விகிதம் கிடைக்கும். மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பிரிப்பது எளிது, ஆனால் மேல் வகுப்பின் செலவைக் குறைத்துக் காட்டும். 11, 12-ல் பிரிவுகள் சிறியவை, முதுகலை ஆசிரியரின் சம்பள நிலை உயர்ந்தது, ஆய்வகமும் வேண்டும்.

வெளியே கிடக்கும் செலவுகளையும் சேர்க்க மறக்காதீர்கள். 10-ஆம் வகுப்பு வரை சத்துணவு, அது சமூக நலத் துறையில். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் வேறு கோரிக்கையில். 11-ஆம் வகுப்பு சைக்கிள் பிற்படுத்தப்பட்டோர் நலத் துறையில். பஸ் பாஸுக்கான ஈட்டுத்தொகை போக்குவரத்தில். பிள்ளை பார்ப்பது ஒரே பள்ளி, பணம் வருவதோ ஐந்தாறு துறையிலிருந்து.

இதற்கு நேர்மாறான பிழை இரட்டைக் கூட்டல். பள்ளிக் கல்விக்கான மத்திய, மாநிலக் கூட்டுத் திட்டமான சமக்ர சிக்ஷா 2018–19-ல் தொடங்கியது, மத்திய பங்கு 60, மாநிலப் பங்கு 40. மத்திய நிதிநிலை அறிக்கையில் அந்த 60 செலவாகத் தெரியும். மாநிலப் புத்தகத்தில் 100-ம் செலவாகத் தெரியும். இரண்டையும் கூட்டினால் 160. மாநிலப் புத்தகத்தை மட்டும் எடுங்கள். அங்கேயும் ஒதுக்கீட்டை நம்பி உட்கார வேண்டாம். 2024–25-ல் பிரதமர் ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத் தகராறில் சமக்ர சிக்ஷாவின் மத்திய பங்கு சுமார் 2,152 கோடி தமிழ்நாட்டுக்கு வரவில்லை. அந்த ஆண்டின் மதிப்பீட்டை மட்டும் எடுத்தவருக்கு இது தெரியவே தெரியாது.

நம் கரைக்கென்று ஒன்று. உப்புக்காற்றில் பள்ளிக் கட்டடத்தின் காங்கிரீட் சீக்கிரம் வாயைப் பிளக்கிறது. சன்ஷேடின் அடிப்பக்கம் சிமெண்ட் பொருக்குப் பொருக்காய் உதிர்ந்து, உள்ளே கம்பி துருவேறிப் பருத்துத் தெரியும். கம்பி துருப்பிடித்தால் பருமன் கூடும், அதுதான் மேல்பூச்சைத் தள்ளிவிடுகிறது. மேலே பூசினால் மட்டும் நிற்காது. துருவைச் சுரண்டி, தேவையான இடத்தில் கம்பி மாற்றி, மேல்மூடலைத் தடிப்பாகக் கொடுக்க வேண்டும். பரமக்குடிப் பக்கத்துப் பள்ளிக்கும் பாம்பன் பள்ளிக்கும் ஒரே பராமரிப்புத் தொகை போனால் கடற்கரைப் பள்ளிக்கு அது பற்றாது. மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையிலும் இதே கதைதான். எனவே தலைக்கு இவ்வளவு என்று வரும் எண்ணை "இவ்வளவு பயன்" என்று வாசிக்கக் கூடாது.

தலைமன்னார்த்துறை

இலங்கைப் பக்கத்தை நான் எழுதுகிறேன். சொற்கள் கொஞ்சம் மாறும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே தேசிய பாடசாலை, மாகாணப் பாடசாலை என்று இரண்டு. தேசிய பாடசாலைகள் கொழும்பிலுள்ள கல்வி அமைச்சின் கீழ், வரவு செலவுத் திட்டத்தில் தலைப்பு 126. மாகாணப் பாடசாலைகள்தான் எண்ணிக்கையில் மிகப் பெரும்பான்மை. 1987-ன் 13-ஆம் அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு அவை மாகாண சபைகளிடம். ஆசிரியர் சம்பளம் மத்தியிலிருந்து மாகாணத்துக்குப் போகும் தொகுதிக் கொடையில் (மொத்தமாகத் தரும் மானியம்) அடங்கிவிடும். 126-ஐ மட்டும் எடுத்து "இலங்கை இவ்வளவுதான் செலவழிக்கிறது" என்று எழுதுபவர்கள் பெரும்பான்மைப் பாடசாலைகளின் சம்பளத்தையே விட்டுவிடுகிறார்கள். ஒன்பது மாகாணங்களின் கல்விச் செலவையும் கூட்ட வேண்டும். பரீட்சைத் திணைக்களமும் பாடநூல் வெளியீட்டுத் திணைக்களமும் தனித் தலைப்புகள், அவற்றையும் சேருங்கள். க.பொ.த. சாதாரண தரம், உயர்தரம் (தரம் 11, தரம் 13 முடிவில் வரும் பொதுத் தேர்வுகள்) இரண்டையும் நடத்தும் செலவு முழுக்க இடைநிலைக்கே உரியது.

செலவு குறைவு என்பது உண்மை. ஆனால் அது எங்கே குறைகிறது என்று பார்க்க வேண்டும். அரச பாடசாலைகளில் சுமார் 40 லட்சம் மாணவர்கள், ஆசிரியருக்கு 17 மாணவர் என்ற அளவு. மக்கள்தொகையில் மாணவர் 18 சதவீதம். உற்பத்தியில் 2 சதவீதத்தை 18 சதவீத மக்களுக்குப் பகிர்ந்தால், ஒரு மாணவருக்குக் கிடைப்பது தனிநபர் உற்பத்தியின் 11 சதவீதம். 17 மாணவர்களின் பங்கையும் கூட்டி முழுவதும் ஆசிரியரின் கையில் கொடுத்தாலும் தனிநபர் உற்பத்தியின் 1.9 மடங்குதான். பல்கலைக்கழகம், கட்டடம், பாடநூல் எல்லாம் கழிந்த பிறகு அதற்கும் கீழே.

தமிழ்நாட்டில் பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 36,400. 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 சதவீதம், ஆக 54,600. ஆண்டுக்கு 6.55 லட்சம். இந்தியாவின் தனிநபர் உற்பத்தி சுமார் 2.1 லட்சம், அதோடு பார்த்தால் 3 மடங்கு. தமிழ்நாட்டின் தனிநபர் வருமானம் 3 லட்சத்துக்கு மேல், அதோடு பார்த்தால் 2 மடங்கு. அதுவும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சம்பளம். இதுதான் ஒப்பீட்டின் மையம் என்பது என் கருத்து: இலங்கை ஆசிரியர் எண்ணிக்கையைத் தாராளமாக வைத்துச் சம்பளத்தை இறுக்கிப் பிடித்திருக்கிறது. 2021-ல் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்களும் அதிபர்களும் (தலைமையாசிரியர்கள்) மூன்று மாதத்துக்கு மேல் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தியது இதனால்தான். "குறைந்த செலவில் நல்ல பலன்" என்று இலங்கையைப் புகழும்போது அந்தக் குறைந்த செலவை யார் சுமக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். ஆசிரியர் சுமக்கிறார். சாதாரண தரம் நெருங்கும்போது தனியார் வகுப்புக் கட்டணம் கட்டும் பெற்றோரும் சுமக்கிறார்கள்.

அதேபோல் இலங்கையின் பக்கம் நின்று ஒன்று சொல்ல வேண்டும். 1945 அக்டோபரில் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் தொடங்கிய இலவசக் கல்வி பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை ஒரே நீட்சி. இலவசப் பாடநூல் 1980-லிருந்து, இலவசச் சீருடை 1993-லிருந்து. மாணவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் அரச பாடசாலையில்தான். அதனால் அரசின் 1 ரூபாய் அங்கே ஏறக்குறைய எல்லாப் பிள்ளைக்கும் பரவுகிறது. தமிழ்நாட்டில் பெரும் எண்ணிக்கையில் பிள்ளைகள் சுயநிதிப் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள்.

ரூபாய் மாற்றம் பற்றி. 2022 மார்ச்சில் டாலருக்கு 200 இலங்கை ரூபாய்க்கு அருகில் இருந்தது மே மாதம் 360. அந்த ஆண்டை டாலரில் மாற்றினால் கல்விச் செலவு பெரிதும் விழுந்தது போலத் தெரியும். ஆசிரியர் சம்பளமோ ரூபாயில் குறையவில்லை. மறுபக்கம், ரூபாயில் மட்டும் பார்த்தால் குறையவே இல்லை என்று தோன்றும், அதுவும் பொய். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022-ன் சராசரிப் பணவீக்கம் 46 சதவீதம், செப்டம்பரில் 70-ஐத் தொட்டது. ஒதுக்கீடு 100-லிருந்து 110 ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். 110-ஐ 1.46-ஆல் வகுத்தால் 75. கால்பங்கு போய்விட்டது. அதே 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் தாள் இல்லாமல் தவணைப் பரீட்சையைத் தள்ளிவைத்தார்கள். சதவீதக் கணக்குக்குள் இது தெரியாது.

நாணயத்தை மாற்றவே வேண்டாம். இரண்டு பக்கமும் "ஒரு மாணவருக்கான செலவு, தனிநபர் உற்பத்தியில் எத்தனை சதவீதம்" என்று எழுதுங்கள். ரூபாய் ரூபாயால் அடிபட்டுப் போகும்.

கணக்குத்தாள்_தேவிபட்டினம்

மேலே சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. உலக வங்கித் தளத்தில் "இடைநிலை மாணவர் ஒருவருக்கான அரசுச் செலவு" என்று ஆயத்த எண் கிடைக்கும். அது அரசுச் செலவை அந்த நிலையின் மொத்தச் சேர்க்கையால் வகுத்தது, அதாவது தனியார் பள்ளிப் பிள்ளைகளும் வகுக்கும் எண்ணில் இருக்கிறார்கள். இலங்கைக்கு இதனால் பெரிய மாற்றம் இல்லை, இந்தியாவுக்கு எண் நன்றாகவே இறங்கிவிடும். அரசு ஒரு பிள்ளைக்கு எவ்வளவு தருகிறது என்பது கேள்வியானால் அரசுப் பள்ளியையும் உதவி பெறும் பள்ளியையும் மட்டும் கொண்டு வகுக்க வேண்டும். நம் கரையில் உதவி பெறும் பள்ளிகள் நிறைய, ஆசிரியர் சம்பளம் அரசுடையது. அதே வளாகத்தில் சுயநிதிப் பிரிவு நடந்தால் அந்தப் பிள்ளைகளைக் கழித்துவிடுங்கள்.

சேர்க்கை எண்ணிக்கையை மத்திய அரசின் பள்ளித் தரவுத் தளமான யுடைஸ் பிளஸ் தளத்தில் வகுப்பு வாரியாக, நிர்வாக வாரியாக எடுக்கலாம். 2022–23-லிருந்து அதில் மாணவர் வாரியான பதிவு வந்துவிட்டது, முந்தைய ஆண்டுகளோடு நேராக வைத்துப் பார்க்காதீர்கள். இலங்கைக்கு அமைச்சின் வருடாந்த பாடசாலைத் தொகைமதிப்பு (கணக்கெடுப்பு).

ஓலைக்குடா_வாசகர்

எல்லோருக்கும் நன்றி ஐயா. பிள்ளைகள் இப்படி ஒரு தாள் போட்டிருக்கிறார்கள்: மேலே தமிழ்நாடு 2023–24, இலங்கை 2023. செலவு என்ற இடத்தில் 2202–02-ன் 109, 110 இரண்டும், 01-லிருந்து நடுநிலைப் பள்ளியின் 6–8 பங்கும். இலங்கைக்கு 126, ஒன்பது மாகாணங்கள், பரீட்சை, பாடநூல், அதில் தரம் 6–13-க்கான பங்கு. இரண்டையும் அரசு நிதி பெறும் 6-ஆம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர்களால் வகுத்து, தனிநபர் உற்பத்தியின் சதவீதமாக. சரிதானா?

உப்பளக்காற்று_வாலிநோக்கம்

நல்ல தாள். இரண்டு இடம் திருத்துங்கள்.

ஒன்று, ஆண்டு. நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, அவர்களுடையது ஜனவரியில். 2023-க்கு நம் பக்கம் 2022–23-ல் கால்பங்கும் 2023–24-ல் முக்கால்பங்கும் எடுக்க வேண்டும். பள்ளிக் கல்வி மொத்த ஒதுக்கீட்டை வைத்துப் பழகிப் பாருங்கள்: 36,896-ல் கால் 9,224, 40,299-ல் முக்கால் 30,224, ஆக 39,448 கோடி. இதே முறையை "கணக்கு" கட்டத்து எண்களுக்குச் செய்யுங்கள். 851 கோடி வித்தியாசம் சிறிதில்லை.

இரண்டு, சத்துணவு. தமிழ்நாட்டுக்கு 6–10 வகுப்பின் சத்துணவைச் சேர்த்தால் இலங்கைக்கு அந்த இடத்தில் ஏறக்குறைய வெற்றிடம்தான் வரும். அங்கே பாடசாலை உணவு முதன்மையாகத் தொடக்க வகுப்புகளுக்கு. அதனால் சத்துணவோடு ஒரு வரி, சத்துணவு இல்லாமல் ஒரு வரி என்று இரண்டாக எழுதச் சொல்லுங்கள். எந்த வரியைப் பற்றிப் பேசுகிறோம் என்று மேடையில் ஏறும் பிள்ளை முதலிலேயே சொல்லட்டும்.

தலைமன்னார்த்துறை

மூன்றாவதாக ஒன்று. தரம் 6–13-ஐ ஒரே கட்டத்தில் போடாமல் 6–11, 12–13 என்று பிரியுங்கள். சாதாரண தரத்தில் தேறாதவர்கள் பொதுவாக உயர்தரத்துக்குப் போவதில்லை. மேல் வகுப்பில் மாணவர் குறைவு என்பதால் தலைக்கான செலவு அங்கே உயர்ந்து தெரியும், அதைத் தாராளம் என்று எண்ணிவிடக் கூடாது. இந்தப் பக்கம் அதற்கு ஒப்பானது 6–10, 11–12. மாகாண எண்களில் வடக்கு மாகாணத்தைத் தனி வரியாகவும் எழுதச் சொல்லுங்கள். மண்டபத்திலிருந்து வரும் பிள்ளைகள் அதைத்தான் முதலில் தேடுவார்கள்.